ஆல்டோ வரிசை மூச்சு வாங்கிய இடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் வந்து சேர்ந்தவர் பரிமளம் அக்கா. அடுத்து லோகேஸ்வரி. பிறகு குணா அண்ணன், அவர் பின்னால் ஆண்களின் தாழ்ந்த குரலான பேஸ் வரிசையில் பாதிப் பேர். மேல்குரல் பாடும் சொப்ரானோ பெண்கள் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். வராதவர்கள், ஆண்களின் மேல்குரலான டெனர் வரிசையில் ரவியும் அவன் தம்பியும்; பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இருவருக்கும் பகல் ஷிப்ட். ஆல்டோவில் ஒரு பெண்ணுக்கு சிங்கப்பூரில் விடுப்புக் கிடைக்கவில்லை. கீபோர்டு வாசிக்கும் தங்கைக்கு மறுநாள் தேர்வு.

ஜொகூர் மாசாயில் பாடகர் குழு நடத்துகிறவன் ஞாயிறு மதியம் செய்யும் முதல் வேலை இதுதான். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்த்துவிட்டு, இருக்கிறவர்களை வைத்து இன்றைக்கு எதைப் பாடலாம் என்று யோசிப்பது. நான் அந்தக் குழுவோடு இருந்த காலத்தில் நான்கு வரிசையும் முழுதாக நின்ற பயிற்சிகள் மிகக் குறைவு. ஏதாவது ஒரு வரிசையில் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையோடுதான் பாட வேண்டும்.

இப்போது அந்தக் குழு என்னிடம் இல்லை. ஆசிரியர் வேலையில் வடக்கே கெடாவுக்கு மாற்றல் வந்தது, வந்துவிட்டேன். ஜொகூரில் புதிதாகக் குழுக்களை ஏற்றிருக்கும் நீங்கள் சிலர், அனுபவத்தில் கண்டதை எழுதித் தரும்படி கேட்டீர்கள். முப்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்றவனைப் போல எழுத உட்கார்ந்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் ஒரு குழுவை விட்டு வந்தவனுக்கு ஓய்வு பெற்றவனின் நோய் வந்துவிடுகிறது. ஞாயிறு மதியம் ஆனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. ரெங்கம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் ஆறாம் ஆண்டைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். ஆசிரியர் பயிற்சியில் இசையைப் பாடமாக எடுத்தேன் என்றதும் அப்பா சரி என்றார். முதன்முதலாக எங்கள் குழு பாடியதைப் பார்க்க வந்தபோதுதான் வெளியே அழைத்துப் போய் மெதுவாகக் கேட்டார், எல்லாரும் பாடினார்களே, நீ மட்டும் ஏன் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய், தொண்டை சரியில்லையா என்று. அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் அன்று சரியாக வரவில்லை. பாடுகிறவர்கள் ஒன்றாக மூச்சு வாங்க ஒருவன் வேண்டும், அவன்தான் நான் என்று சொல்லியிருக்கலாம். நடத்துகிறவனின் வேலை பெரும்பாலும் அதுதான். கை தாளம் போடுவது அப்புறம். சுரம் ஒலிப்பதற்கு முன்னால் முப்பது பேர் மூச்சு இழுக்கும் அந்த ஒரு கணத்தை நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். அதைத் தெளிவாகக் கொடுத்துவிட்டால் சுரம் தானாக வரும்.

எங்களுக்குப் பயிற்சி நடந்த இடம் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலை. மண்டபம் கிடைக்காத குழுக்களுக்கு ஒன்று சொல்கிறேன். சிற்றுண்டிச்சாலை மோசமான இடமில்லை. தரையில் ஓடு, சுவரில்லாத பக்கவாட்டு, நல்ல காற்று. காற்றாடியை மட்டும் நிறுத்திவிடுங்கள். அதன் சத்தத்தை மீறிப் பாடிப் பழகினால் எல்லாருக்கும் கத்துவது பழக்கமாகிவிடும். மழை வந்தால் தகரக் கூரையின் கீழ் யார் குரலும் யாருக்கும் கேட்காது. அந்த நேரத்தில் பாட்டை நிறுத்திவிட்டு மூச்சுப் பயிற்சி செய்யுங்கள். மூச்சுக்குக் காது தேவையில்லை, பக்கத்தில் நிற்பவரின் தோள் போதும். இதை அப்போது நான் சாதாரணமாகச் சொல்லிக்கொடுத்தேன். இந்தத் தோள்தான் பின்னால் எங்களை மாட்டிவிட்டது.

ஷிப்ட் வேலை பார்ப்பவர்களின் குழு என்றால் பயிற்சியில் பாதி கைப்பேசியில்தான் நடக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் அதன் குரலைப் பதிவு செய்து குழுவில் அனுப்பிவிடுவோம். தொழிற்சாலைப் பேருந்தில், சிங்கப்பூர்ப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் நெரிசலில், இடைவேளையில் என்று அவரவர் காதில் மாட்டிக்கொண்டு பாடிப் பார்ப்பார்கள். முதலில் நான் கீபோர்டில் வாசித்து அனுப்பினேன். எல்லாரும் கீபோர்டு மாதிரியே பாடினார்கள். அது மூச்சே வாங்காத ஜந்து. மூன்றாவது வரியில் முகம் சிவந்து நிற்பார்கள். அதனால் வரிசைக்கு ஒரு நல்ல பாடகரைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஒரு மனிதக் குரலை அனுப்பினால், நீங்கள் சொல்லிக்கொடுக்க நினைத்ததும் போகும், நினைக்காததும் சேர்ந்தே போகும்.

ஆல்டோவுக்கு எங்கள் குரல் லோகேஸ்வரி. ஆல்டோ என்பது பெண்களில் தாழ்ந்த குரல். பாட்டின் மெட்டு பெரும்பாலும் சொப்ரானோவுக்குப் போய்விடும். ஆல்டோ அடியில் நின்று ஒரே சுரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். நன்றாகப் பாடினால் யாருக்கும் தெரியாது, தப்பினால் எல்லாருக்கும் தெரியும். லோகேஸ்வரிக்கு என் வயதுதான் இருக்கும். தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. குழு தொடங்கிய நாளிலிருந்து வந்துகொண்டிருந்தவர். ஒவ்வொரு புதுப் பாட்டும் கொடுக்கும்போது தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆல்டோவுக்கு ஒரு பாட்டாவது வருமா சார், இல்ல நாங்க கடைசிவரைக்கும் தூணுதானா" என்று கேட்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார். நாலு வருஷம் கேட்டார்.

அந்த வருஷம் மாநிலச் சேர்ந்திசைப் போட்டிக்கு நான் ஒரு மழைப் பாட்டை நான்கு குரலுக்குப் பிரித்து எழுதினேன். என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் வரிகள் கொடுத்தார். அதில் நடுப்பகுதி முழுக்க மெட்டு ஆல்டோவுக்கு. சொப்ரானோ மேலே மெல்லிசாகத் தூறல் மாதிரி நிற்கும், ஆண்கள் அடியில் முனகுவார்கள், ஆல்டோ மட்டும் 'மேகம் இறங்கி வந்து மேட்டுப்பாதையில் நடந்தது' என்று ஒரே இழுப்பில், மெதுவாக, போக வேண்டும். தாளைக் கொடுத்தபோது லோகேஸ்வரி படித்தார், மடித்தார், மறுபடி பிரித்துப் படித்தார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் அன்றைக்கே பாடிப் பதிவு செய்து அனுப்பிவிட்டார். சமையலறையில் நின்று பாடியிருக்கிறார். நடுவில் குக்கர் விசில் கேட்கும். அந்த விசிலும் பாட்டில் உண்டா என்று பரிமளம் அக்கா கேட்டார்.

நான் முதலில் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஆல்டோ வரிசையை முதன்முறையாகத் தனியாகக் கேட்டேன். 'மேட்டுப்' என்ற இடத்தில் எல்லாரும் நின்றார்கள். மூச்சு வாங்கினார்கள். பிறகு 'பாதையில்' என்றார்கள். ஒரு சொல்லை நடுவில் முறித்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நீண்ட துணியில் யாரோ கத்தரி வைத்த மாதிரி இருந்தது. மறுபடி பாடச் சொன்னேன். மறுபடி அதே இடம். ஒவ்வொருவராகப் பாடச் சொன்னேன். பதினெட்டு வயதுப் பெண் அதே இடத்தில் மூச்சு வாங்கினாள். சந்தையில் மீன் விற்கும் அக்கா, இரண்டு தெருவுக்குக் கேட்கக் கூவுகிறவர், அவரும் அதே இடத்தில். பரிமளம் அக்காவும் அதே இடத்தில்.

எனக்கு விளங்கவில்லை. பின்வரிசையிலிருந்து குணா அண்ணன்தான் சொன்னார்.

"சார், ஆல்டோ மொத்தமும் ஏழு மாசம்."

சிற்றுண்டிச்சாலையே சிரித்தது. லோகேஸ்வரிக்கு அப்போது ஏழாவது மாதம். பதிவு செய்த நாளில் அவரால் அந்த வரியை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை. பிள்ளை மேலே ஏறி நுரையீரலை நெருக்கிக்கொண்டிருந்தது. 'மேட்டுப்' வரைக்கும் போனார், மூச்சு வாங்கினார், மீதியைப் பாடினார். அதைக் காதில் மாட்டிக்கொண்டு வாரம் முழுக்கப் பாடிய எட்டுப் பெண்களும், கல்யாணம் ஆகாதவர்கள் உட்பட, கர்ப்பிணியைப் போல மூச்சு வாங்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு இந்த வயசுல இன்னொண்ணா, அலமாக்" என்று பரிமளம் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. லோகேஸ்வரியும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. ஆனால் தேநீர் இடைவேளையில் அவர் கடைசி மேசையில் தாளை விரித்து வைத்துக்கொண்டு அந்த ஒரு வரியை உதட்டால் மட்டும் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தேன், அப்போதும் அதே இடத்தில்தான் மூச்சு வந்தது.

இந்த மாதிரி விஷயத்துக்கு வைத்தியம் எளிது. பரிமளம் அக்காவைப் பாட வைத்துப் புதுப் பதிவு அனுப்பினோம். நீண்ட வரிக்கு முறை வைத்து மூச்சு வாங்கவும் சொல்லிக்கொடுத்தேன். ஒருத்தி வாங்கும்போது பக்கத்தில் இருப்பவள் வாங்கக் கூடாது, சொல்லின் நடுவில் நழுவி வெளியே போய், மூச்சை நிரப்பிக்கொண்டு, சத்தமில்லாமல் உள்ளே வர வேண்டும். எட்டுப் பேர் இப்படிச் செய்தால் கேட்கிறவருக்கு வரி அறுபடாது. உங்கள் குழுவிலும் இதை முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுங்கள். இடது கையை உள்ளங்கை கீழே பார்க்கப் பிடித்தால் 'நிறுத்தாதே, போய்க்கொண்டே இரு' என்று ஒரு சைகையும் வைத்துக்கொண்டோம்.

பிரச்சினை தீரவில்லை. லோகேஸ்வரி மருத்துவப் பரிசோதனைக்குப் போய்விட்ட வாரங்களில் வரி முழுதாக வந்தது. அவர் வந்து நின்றால் மறுபடி முறிந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பாடகர்கள் நம் கையைப் பார்ப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர்கள் தங்கள் வரிசையில் யார் கெட்டியான ஆளோ அவர் தோளைத்தான் பார்க்கிறார்கள், பார்க்கிறோம் என்று தெரியாமலே. லோகேஸ்வரியின் தோள் மேலே போனால் அத்தனை தோளும் மேலே போகும். அவரை வரிசையின் ஓரத்துக்கு மாற்றினேன். பிறகு பின்னால் நிற்க வைத்தேன். பின்னால் நின்றது இன்னும் மோசம். அவர் மூச்சு இழுக்கும் ஒலி முன்னால் இருப்பவர்களின் பிடரியில் விழுந்தது.

இதற்கிடையில் இன்னொன்றும் தெரிய வந்தது. லோகேஸ்வரியின் கணவர் சிங்கப்பூரில் வேலை. தினமும் இக்கரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் வருகிறவர். பிள்ளை பிறந்ததும் கெலாங் பாத்தாவில் மாமியார் வீட்டோடு போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். அங்கிருந்து சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாம் பாலம் பக்கம், அவருக்குப் பயணம் குறையும், பிள்ளையையும் மாமியார் பார்த்துக்கொள்வார். நல்ல ஏற்பாடு. ஆனால் கைப்பிள்ளையோடு ஞாயிறுதோறும் அங்கிருந்து மாசாய்க்கு யார் வருவது. லோகேஸ்வரி இதை என்னிடம் சொன்னபோது வருத்தமாகச் சொல்லவில்லை, சேதியாகத்தான் சொன்னார். போட்டி அன்று அவருக்கு ஒன்பதாவது மாதம் தொடங்கியிருக்கும். அதுதான் அவர் எங்களோடு நிற்கும் கடைசி நாள். நாலு வருஷம் கேட்ட மெட்டு அன்று அவர் வரிசைக்கு.

போட்டிக்குச் சில நாள் முன்பு குணா அண்ணன் பள்ளி வாசலில் எனக்காகக் காத்திருந்தார். கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஷிப்ட் உடையிலேயே வந்திருந்தார். எதிரே இருந்த கடைக்குப் போய் உட்கார்ந்தோம். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. நாம் இரண்டு முறை மூன்றாவதாக வந்திருக்கிறோம் என்றார். முதலாவதாக வந்தால் கோலாலம்பூரில் தேசிய மேடை. இந்த முறை பாட்டு நன்றாக இருக்கிறது, பேஸ் வரிசை நன்றாக இருக்கிறது, எல்லாரும் ஓ.டி. சம்பளத்தை விட்டுக்கொடுத்து வந்திருக்கிறார்கள். அந்த ஒரு ஓட்டைதான்.

"நான் தப்பா சொல்லல சார். நெற மாசம், அவங்க நின்னு பாடறதே கஷ்டம். முன்னால நல்ல நாற்காலியா போட்டு உக்கார வெச்சிடலாம். நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி பாத்துக்கலாம். மேடையில மட்டும் வேணாம்."

பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒரே ஒரு தடவ கே.எல். மேடையில நிக்கணும் சார். நான் வேற எதுல ஜெயிக்கப் போறேன்" என்றார்.

அவர் கேட்டதில் பிழை இருப்பதாக எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. குழு என்றால் எல்லாருடையதும்தானே. லோகேஸ்வரியிடம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தொலைபேசியில் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவரே முடித்துவைத்தார்.

"சார், அந்த வரிய நான் பாடல. வாய மட்டும் அசைக்கிறேன். தோள அசைக்காம பாத்துக்கறேன். மத்ததெல்லாம் பாடறேன். அது போதும்."

"அந்த வரிதானே லோகேஸ்..."

"தெரியும் சார். போதும்னு சொல்றேன்லா."

அப்படியே ஒப்புக்கொண்டோம். குணா அண்ணனிடம் சொன்னேன், அவரும் சரி என்றார். கடைசிப் பயிற்சியில் எல்லாரும் வந்திருந்தார்கள், ரவியும் அவன் தம்பியும்கூட. லோகேஸ்வரி உதட்டை மட்டும் அசைத்தார், தோளைக் கட்டிப்போட்டது போல நின்றார். நான் இடது கையை நீட்டிப் பிடித்தேன். வரி முழுதாகப் போனது. பேஸ் வரிசையில் யாரோ மெதுவாகக் கை தட்டினார்கள். இதுதான் நாங்கள் எல்லாரும் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது அடுத்து தெரியும்.

போட்டி ஜொகூர் பாருவில் ஒரு மண்டபத்தில். வாடகைப் பேருந்தில் போனோம். பெண்கள் எல்லாரும் நீலப் புடவை. லோகேஸ்வரிக்குப் புடவையை எப்படிக் கட்டுவது என்று பேருந்தின் பின்பக்கம் மறைப்புக் கட்டி பெரிய ஆலோசனை நடந்தது. பரிமளம் அக்கா வெளியே வந்து, "ஒரு புடவைக்கு ரெண்டு பேரு" என்று அறிவித்தார். எங்கள் முறை கடைசிக்கு முன்னால். மேடைக்குப் பக்கத்தில் நிற்கும்போது நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். எதையும் திருத்தவில்லை, நினைவூட்டவில்லை. மேடைக்கு ஐந்து நிமிஷம் முன்னால் திருத்தம் சொல்கிறவன் பயத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறான். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். அவ்வளவுதான்.

முதல் பகுதி நன்றாகப் போனது. அந்த மண்டபத்தில் ஒலி தங்கும், எங்கள் சிற்றுண்டிச்சாலையில் அப்படித் தங்காது. எங்கள் குரல் எங்களுக்கே திரும்பி வந்து கேட்டதும் எல்லாருக்கும் முதுகு நிமிர்ந்தது. நடுப்பகுதி வந்தது. சொப்ரானோ மெல்ல மேலே விலகியது, ஆண்கள் அடங்கினார்கள், ஆல்டோ தொடங்கியது. 'மேகம் இறங்கி வந்து'.

லோகேஸ்வரி பாடிக்கொண்டிருந்தார்.

உதடு மட்டும் அசைகிற முகத்துக்கும் பாடுகிற முகத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். அவர் ஒப்பந்தத்தை மீற வேண்டும் என்று நினைத்திருக்க மாட்டார். மெட்டு வந்தது, குரல் அதன் பின்னால் போய்விட்டது. பரிமளம் அக்கா சத்தத்துக்குக் கீழே, அந்தப் பழைய, சமையலறையில் பதிவான குரல். 'மேட்டு' என்று வந்தபோது அவர் கண் என் மேல் வந்தது. பயந்துவிட்டார். மூச்சு இல்லை. தோள் மேலே போகத் தொடங்கியது. அவர் இரண்டு பக்கமும் இருந்த தோள்களும் அசைந்ததைப் பார்த்தேன்.

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு தூரம் எழுதினேன். என் இடது கை அப்போது நீட்டியபடி இருந்தது. அதை அப்படியே பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாதி வரிசை மூச்சு வாங்கி, பாதி வரிசை வாங்காமல், வரி கந்தலாகியிருக்கலாம். அல்லது எல்லாரும் என் கையைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்திருக்கலாம், லோகேஸ்வரி மட்டும் மூச்சு முட்டி நின்றிருப்பார், யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டும் நடக்கக்கூடியவைதான். யோசிக்க நேரமில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு கணத்தில் மனிதன் நிறைய யோசிக்கிறான். நான் கையை எடுத்தேன். இரண்டு கையையும் மேலே தூக்கி, நான்கு வரிசைக்கும், மேலே தூறிக்கொண்டிருந்தவர்களுக்கும் கீழே முனகிக்கொண்டிருந்தவர்களுக்கும் சேர்த்து, மூச்சு கொடுத்தேன்.

எல்லாரும் நிறுத்தினார்கள். அதுவரை அப்படி ஒரு நிறுத்தம் நாங்கள் பழகியதே இல்லை. ஆனால் ஒருவர்கூடத் தவறவில்லை. முப்பது பேர் மூச்சு இழுத்தது மண்டபத்தில் கேட்டது. பிறகு கை இறங்கியது, 'பாதையில் நடந்தது' என்று ஆல்டோ வரிசை திறந்துகொண்டு வந்தது, லோகேஸ்வரியின் குரல் நடுவில். மிச்ச வரியை முழுக்க அவர் பாடினார். அவருக்குப் போதுமான மூச்சு இருந்தது.

நாங்கள் இரண்டாவதாக வந்தோம்.

முடிவு சொல்ல வந்த நடுவர் எல்லாக் குழுக்களுக்கும் ஓரிரு வார்த்தை சொன்னார். எங்களைப் பற்றிச் சொல்லும்போது, குரல்களின் சேர்க்கை அன்றைக்கு அங்கே கேட்டதில் சிறந்தது, ஆனால் சொல்லின் நடுவில் மூச்சு விடக் கூடாது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கே சொல்லித் தரும் பாடம், குழு முழுவதும் அப்படிச் செய்தது நடத்துநரின் பிழை என்றார். சரியாகத்தான் சொன்னார். அந்தப் பிழைக்கு ஒன்றரைப் புள்ளி குறைத்ததையும் சொன்னார். முதலாவது வந்த குழு எங்களை முந்தியது அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில்தான்.

திரும்பும்போது பேருந்தில் பரிமளம் அக்கா மீ கோரெங் பொட்டலங்களை ஒவ்வொரு இருக்கையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார், வேண்டாம் என்றவர்களுக்கும் மடியில் வைத்துவிட்டுப் போனார். லோகேஸ்வரி முன்னிருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். தூங்கவில்லை என்று தெரிந்தது. பெர்மாஸ் பாலம் தாண்டியபோது கண்ணைத் திறக்காமலே, "கெடுத்துட்டேன் சார்" என்றார். வரிசை உடையப் போவதைப் பார்த்தேன், அதனால்தான் நிறுத்தினேன், அது என் முடிவு என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். பாதி உண்மை.

மாசாயில் இறங்கி எல்லாரும் கலைந்த பிறகு குணா அண்ணன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் பக்கம் வந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். குரல் சாதாரணமாகவே இருந்தது.

"வரிசை ஒடஞ்சிருக்காது சார். நான் பின்னாலேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நீங்க கைய பிடிச்சிருந்தா போயிருப்பாங்க."

இருக்கலாம் என்றேன்.

"நல்ல மனசு உங்களோடது சார். புள்ளி எங்களோடது."

தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் வந்தார், பாடினார். அதற்கடுத்த வாரம் ஷிப்ட் மாறிவிட்டது என்றார்கள். பிறகும் ஷிப்ட் என்றார்கள். கிடங்கு வாசலில் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். தேநீர் வாங்கிக் கொடுத்தார், தன் மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டார், எந்தப் பள்ளி நல்லது என்று விசாரித்தார். குழுவைப் பற்றி இருவரும் பேசவில்லை.

லோகேஸ்வரிக்குப் பெண் குழந்தை. கெலாங் பாத்தா போன பிறகு சில மாதம் குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார், பின்னணியில் குழந்தை அழும். பிறகு குறைந்தது. அப்படித்தானே ஆகும். பரிமளம் அக்கா இன்னும் ஆல்டோவில் இருக்கிறார், கேட்டால் தூண் என்பார். எனக்கு மாற்றல் வந்தபோது நம்பிக்கையான ஒரு தங்கையிடம் குழுவைக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்தக் கட்டுரையை வாசிக்கிறவர்களில் அவளும் ஒருத்தி.

இங்கே கெடாவில் எனக்கு இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளின் குழு. இளசான நுரையீரல், ஷிப்ட் கிடையாது, எல்லா வாரமும் எல்லாரும் வருகிறார்கள். அதே மழைப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். 'மேட்டுப்பாதையில்' என்று ஒரு பிசிறில்லாமல் போகிறார்கள், ஒரு நடுவரும் குறை சொல்ல முடியாது. அந்த இடம் வரும்போது நான் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி, சார் ஏன் அங்கே மட்டும் நெற்றியைச் சுருக்குகிறீர்கள், தப்பா பாடறோமா என்று கேட்டாள். இல்லை, சரியாகத்தான் பாடுகிறீர்கள் என்றேன். அந்தப் பிள்ளைகளை விட்டு வேறு யாரையோ கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது, அன்று கையைத் தூக்கியது சரியா தவறா என்பதல்ல. அந்த நிலையில் மறுபடி நின்றால் மறுபடி தூக்குவேன் என்றுதான் நினைக்கிறேன். சொல்ல வேண்டியது வேறு. மேடையில் நீங்கள் கொடுப்பது எதுவாக இருந்தாலும் அதில் முப்பது பேருக்குப் பங்கு இருக்கிறது. அங்கே நின்றுகொண்டு அவர்களைக் கேட்க முடியாது. பயிற்சி நாளில், எல்லாரும் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது, கேட்டுவிடலாம். இந்தப் பாட்டை நாம் யாருக்காகப் பாடுகிறோம், ஒருவருக்கு மூச்சு முட்டினால் நாம் என்ன செய்வோம், அதற்காக எதை இழக்கத் தயார் என்று. நான் லோகேஸ்வரியிடம் கேட்டேன், குணா அண்ணனிடம் கேட்டேன், தனித்தனியாக. எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குணா அண்ணனே முதல் ஆளாக, நிறுத்துவோம் சார் என்று சொல்லியிருப்பாரோ என்னவோ. சொல்லாமலும் இருந்திருக்கலாம். எப்படியானாலும் அது அவர் கொடுத்ததாகவோ மறுத்ததாகவோ இருந்திருக்கும்.

அந்த ஒரு மூச்சுக்கு எங்கள் குழு கொடுத்த விலை ஒன்றரைப் புள்ளி, கோலாலம்பூர் மேடை, பேஸ் வரிசையில் ஓர் ஆள்.